கைபிரேக் போட்டிருந்த வண்டி

அந்தப் பட்டறைக்காரனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'பாத்துக்கலாம்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். இன்ஜினில் சத்தம் வருகிறது என்றாலும் பாத்துக்கலாம், ஆயில் ஒழுகுகிறது என்றாலும் பாத்துக்கலாம். வண்டியே எரிந்துபோய்விட்டது என்று ஒருவர் ஓடிவந்து சொன்னால்கூடக் குனிந்த தலை நிமிராமல் அதையேதான் சொல்லியிருப்பான். அதற்காக வேலை தெரியாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். சும்மா சொல்லக் கூடாது, பிரேக் வேலையில் அவனை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. தெரியாதவன் தப்பு செய்தால் போனால் போகிறது என்று விட்டுவிடலாம். தெரிந்தவன் செய்த தப்பை என்ன செய்வது, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அன்று காலை அவன் பட்டறையில், பின்பக்கம் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தியிருந்த நீல வண்டி அவனுடைய அக்கா வீட்டு வண்டி. மூன்று மாதம் போலீஸ் நிலையத்து முற்றத்தில் வெயிலிலும் மழையிலும் கிடந்து, முந்தின நாள்தான் வெளியே வந்திருந்தது. ஒரு ஆள் அதை வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருந்தார். பின் பிரேக்கையும் கைபிரேக்கையும் ஒருமுறை பார்த்துச் சரிசெய்து கொடுத்துவிட்டால் போதும், சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டு வாசலில் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லியிருந்தார். பாவம், அந்த மனிதருக்கு என்ன தெரியும். அந்த வண்டிதான் அக்காவின் ஒரே மகளைக் கொன்றது.

அக்காவின் வீடு இருப்பது நல்ல சரிவான தெருவில்; கேட்டிலிருந்து எதிர்வீட்டு மதிலை நோக்கி இறங்குகிற சரிவு. கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்துவது, இன்ஜினை அணைக்காமல் நியூட்ரலில் போட்டுக் கைபிரேக்கை இழுப்பது, இறங்கிப்போய்க் கேட்டைத் திறப்பது, இது அத்தானுக்கு எட்டு வருடத்துப் பழக்கம். அன்றும் பள்ளிக்கூடத்திலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்தபோது, பிள்ளை டிக்கியில் இருந்த பையை எடுக்க வண்டிக்குப் பின்னால் போயிருந்தது. வண்டி பின்னோக்கி உருண்டது. எதிர்வீட்டு மதில் வரைக்கும் பதினைந்தடி தூரம். பிள்ளைக்கு ஒன்பது வயது. இதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் வண்டியைத் தள்ளிப் பிள்ளையை எடுத்தார்கள். தள்ளுகிற அவசரத்தில் யாரோ உள்ளே கைவிட்டுக் கைபிரேக்கை இறக்கிவிட்டிருக்க வேண்டும். யார் என்று யாருக்கும் நினைவில்லை. போலீஸ் வந்து பார்த்தபோது லீவர் கீழே கிடந்தது. வண்டிப் பரிசோதகர் சமதரையில் நிறுத்தி லீவரை இழுத்துப் பார்த்தார். கைக்கு நல்ல இறுக்கமாக இருந்தது. பிரேக்கில் பழுதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பழுதில்லை என்றால் அர்த்தம் ஒன்றுதானே. அப்பன்காரன் கைபிரேக் போடாமலே இறங்கிவிட்டான்.

"நான் போட்டேன்" என்று முதல் மாதம் முழுக்க அத்தான் எல்லோரிடமும் சொன்னார். போலீஸிடம் சொன்னார், அலுவலகத்தில் சொன்னார், துக்கம் கேட்க வந்தவர்களை வாசலில் நிறுத்தி வைத்துச் சொன்னார். போட்டிருந்தால் எப்படி உருளும் என்று யாரும் முகத்துக்கு நேரே கேட்கவில்லை. முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டாவது மாதம் "போட்டேன்னுதான் நினைக்கிறேன்" என்று ஆனது. அப்புறம் "ஞாபகம் இல்லை" என்றார். போன வாரம் பட்டறைக்கு வந்து ஒரு டயர் மேல் உட்கார்ந்தவர், யாரும் கேட்காமலே, "போடலை போல இருக்கு மச்சான்" என்றார்.

அக்கா முதல் நாளே முடிவுக்கு வந்துவிட்டாள். மூன்று மாதமாக அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோற்றுத் தட்டை மேசையில் வைப்பாள், போய்விடுவாள். அவர் கேட்டதற்குப் பதில் கிடையாது. இந்த வண்டி போன மறுநாள் தானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்துவிடப் போவதாகத் தம்பியிடம் மட்டும் சொல்லியிருந்தாள். "வா அக்கா" என்று இவனும் சொல்லியிருந்தான். வேறென்ன சொல்வான்?

இவனுக்குள் மூன்று மாதமாக ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. விபத்துக்குப் பதினொரு நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை, அத்தான் பட்டறைக்கு வந்திருந்தார். "கைபிரேக் லீவர் ரொம்ப மேல வருது மச்சான், கொஞ்சம் பாரேன்" என்றார். அன்றைக்கு ஆறு வண்டி வரிசையில் நின்றது. லீவர் மேலே வருகிறது என்றால் பின் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். சக்கரத்தைக் கழற்ற வேண்டும், டிரம்மைக் கழற்ற வேண்டும், ஷூவைச் சரிசெய்ய வேண்டும், கடைசியில்தான் லீவரிலிருந்து வரும் கேபிளைத் தொட வேண்டும். இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஆனால் சொந்தக்காரன் வண்டிதானே, அதற்கென்ன அவசரம். லீவருக்குக் கீழே இருக்கும் நட்டை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிக் கேபிளை இழுத்துக் கட்டினான். பத்து நிமிட வேலை. லீவர் நாலே க்ளிக்கில் நின்றது. "அடுத்த வாரம் கொண்டாங்க அத்தான், டிரம்மைக் கழட்டிப் பாத்துக்கலாம்" என்றான். அத்தான் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, "கையிலயே வித்தை வச்சிருக்கே" என்று சிரித்தபடி கிளம்பிப் போனார். அடுத்த வாரம் அவரும் வரவில்லை, இவனும் கூப்பிடவில்லை.

மூன்று மாதமும் இவன் ஒரே ஒரு வேண்டுதலோடுதான் இருந்தான். அத்தான் மறந்திருக்க வேண்டும். கைபிரேக் போடாமல்தான் இறங்கியிருக்க வேண்டும். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த மனிதன் தலையிலேயே அந்தப் பழியும் விடியட்டும் என்று ஒருவன் வேண்டிக்கொள்வானா? இவன் வேண்டிக்கொண்டான். வேண்டிக்கொண்டு, சீ என்று தன்னையே காறித் துப்பவும் செய்தான்.

அன்று காலை இடப்பக்கத்து டிரம்மின் மேல் சுத்தியலால் தட்டும்போதும் அதே வேண்டுதலோடுதான் தட்டினான். டிரம் சுலபத்தில் வரவில்லை. சுற்றிலும் தட்டித் தட்டி, இரண்டு கையாலும் அசைத்து இழுத்தபோது கறுப்புத் தூளை உதிர்த்துக்கொண்டு கழன்று வந்தது.

பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. கேபிளை இழுத்துக் கட்டியதால், லீவர் இறங்கியிருந்த நேரத்திலும் ஷூ இரண்டும் டிரம்மோடு உரசிக்கொண்டே ஓடியிருக்கின்றன. ஷூமேல் ஒட்டியிருந்து டிரம்மைப் பிடிக்கிற லைனிங்கில் மிச்சம் மீதி இருந்ததும் அந்தப் பதினொரு நாளில் கருகித் தேய்ந்து போயிருந்தது. கேபிள் இழுக்கும் சின்னக் கை ஒன்று டிரம்முக்குள் உண்டு. அதுதான் ஷூவை விரித்து டிரம்மோடு அழுத்தும். அந்தக் கை போகக்கூடிய தூரம் வரைக்கும் போய், ஷூவின் இரும்பில் முட்டிக்கொண்டு நின்றது. அதற்கு மேல் போக அதற்கு வழியில்லை. மேலே உட்கார்ந்து லீவரை இழுப்பவனுக்குக் கல் மாதிரி இறுக்கம் தெரியும். ஆனால் அது இரும்பும் இரும்பும் முட்டுகிற இறுக்கம். டிரம்மை எதுவும் பிடிக்காது. சமதரையில் நிற்கும். அந்தத் தெருவில், அந்தச் சரிவில், இரண்டு மூச்சு விடும் நேரம் நின்றாலே அதிகம்.

வலப்பக்கத்தையும் கழற்றினான். அதுவும் அப்படியேதான் இருந்தது.

அத்தான் போட்டிருந்தார். இழுத்துத்தான் போட்டிருந்தார். இறுக்கத்தை நம்பித்தான் இறங்கினார். இவன் தரையில், ஆயில் கறைமேல், அப்படியே உட்கார்ந்துவிட்டான். "மாமா, என் சைக்கிளுக்கும் பிரேக் பாத்துக் குடு" என்று அந்தப் பிள்ளை இந்த இடத்தில்தான் வந்து நிற்கும். வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வாயில் சட்டையைத் திணித்துக்கொண்டு அழுதான். எவ்வளவு நேரம் அழுதான் என்று அவனுக்கே தெரியாது.

உதிரிபாகக் கடைக்காரர் ஸ்கூட்டரில் வந்து ஹாரன் அடித்தபோதுதான் எழுந்தான். காலையிலேயே சொல்லி வைத்திருந்த, புது லைனிங் ஒட்டிய நாலு ஷூவைக் கொண்டுவந்திருந்தார். இந்தத் தொழிலில் பழைய ஷூவைத் திருப்பிக் கொடுத்தால்தான் புது லைனிங் ஒட்டியது கிடைக்கும். பழைய இரும்பைச் சுரண்டி, மறுபடி லைனிங் ஒட்டி, இன்னொரு வண்டிக்குப் போகும். இருபது வருடமாகக் கொடுத்து வாங்கிப் பழகிய கை, நாலையும் கழற்றிக் கொடுத்தது. அவரும் அதைச் சாக்கில் இருந்த ஐம்பது அறுபதோடு போட்டுக்கொண்டு போனார். "கண்ணெல்லாம் செவந்திருக்கே, தூசியா?" என்று கேட்டார். "ம்" என்றான்.

அதற்கப்புறம் அவன் செய்த வேலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கேபிளை முழுக்கத் தளர்த்தினான். டிரம்மின் உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தான். புது ஷூவை மாட்டி, ஸ்பிரிங் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். பின் தகட்டில் இருக்கும் ஓட்டை வழியாக ஸ்க்ரூ டிரைவரை விட்டு, உள்ளே இருக்கும் பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தள்ளினான். சக்கரம் சுற்றவே முடியாமல் இறுகியதும், ஒவ்வொரு பல்லாகத் திருப்பி விட்டான். லேசாக உரசுகிற சத்தம், ஆனால் தாராளமாகச் சுற்ற வேண்டும். அந்தப் பதம் வரும்வரை விடவில்லை. பெடலைப் பத்துத் தடவை மிதித்து ஷூவை அதனதன் இடத்தில் உட்கார வைத்தான். எல்லாம் முடிந்த பிறகுதான் கேபிள். ஆறாவது க்ளிக்கில் இரண்டு சக்கரமும் ஒன்றுபோலப் பிடித்தன. அவன் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு பிரேக் வேலை செய்ததில்லை. அப்படிச் செய்ய வேண்டிய நாள் எது, செய்த நாள் எது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மூன்று மணிக்கெல்லாம் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் அக்கா வீட்டு கேட்டுக்கு முன்னால் நிறுத்தினான். கைபிரேக் போட்டு, கியரிலும் போட்டு, பின் சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைத்துவிட்டு உள்ளே போனான். சொல்லிவிட வேண்டும் என்ற முடிவோடுதான் போனான். சொன்ன பிறகு அக்கா தன் முகத்தில் விழிக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் போனான். அந்த மட்டும் அவனை நான் குறை சொல்ல மாட்டேன்.

அக்கா கதவைத் திறந்தாள். அவன் தோளுக்கு மேலாக வண்டி தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அதை ஏன்டா இங்க கொண்டாந்தே, தெருமுனையில நிறுத்தக் கூடாதா" என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் போனாள். அத்தான் மேசையில் விற்பனைக் காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, பேனாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். சட்டைக் காலர் கழுத்தைத் தொடவில்லை.

"அக்கா, இங்க வா. ஒண்ணு சொல்லணும்" என்றான்.

அவள் ஈரக் கையோடு வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அத்தான் அன்னைக்குக் கைபிரேக் போட்டாரு. போட்டும் பிடிக்கலை. தப்பு என்னோடது." எல்லாவற்றையும் சொன்னான். சனிக்கிழமை, ஆறு வண்டி, நட்டை மட்டும் இறுக்கியது, காலையில் டிரம்முக்குள் பார்த்தது. ஒன்றையும் மழுப்பவில்லை. "நான்தான் அக்கா கொன்னுட்டேன்" என்று முடித்தான்.

அத்தானின் முகம் மாறியதை இவன் பார்த்தான். தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தவன் தலையைத் தூக்கி மூச்சு வாங்குகிறானே, அப்படி ஒரு மாற்றம். வாய் திறந்து, "நான் போட்டேன்ல?" என்றார். சின்னக் குரலில், இவனைப் பார்த்து மட்டும் கேட்டார்.

"போட்டீங்க அத்தான்."

"யாரு உன்னை இப்படிச் சொல்லச் சொன்னா?" அக்காவின் குரலில் கோபமே இல்லை. அதுதான் இவனைப் பயமுறுத்தியது. "நான் உன் வீட்டுக்கு வந்துடுவேன்னு சொன்னேன். எங்களைப் பிரிய விடக் கூடாதுன்னு நீயா யோசிச்சியா, இல்ல இவரு வந்து அழுதாரா?"

"இல்லக்கா, சத்தியமா இன்னைக்குக் காலையிலதான் கழட்டிப் பாத்தேன்."

"பிரேக்குல பழுதில்லைன்னு பரிசோதகர் எழுதிக் குடுத்திருக்காரு."

"அவரு டிரம்மைக் கழட்டலை. லீவரை மட்டும் இழுத்துப் பாத்தாரு."

"சரி, காட்டு மச்சான்" என்றார் அத்தான். நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "அந்தத் தேஞ்ச ஷூவைக் காட்டு. இவ பாக்கட்டும். நானும் பாக்கணும்."

இவன் வாயைத் திறந்தான். அப்போதுதான் உறைத்தது. படுபாவி, அப்போதுதான் உறைத்தது. ஷூ நாலும் சாக்கோடு போய்விட்டன, எது எந்த வண்டியினது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. முட்டி நின்ற அந்தக் கையைத் தன் கையாலேயே திருப்பி வைத்தாயிற்று. கேபிளைத் தளர்த்தியாயிற்று, டிரம்மை மினுங்கத் தேய்த்தாயிற்று. செல்போன் சட்டைப்பையில்தான் இருந்தது. ஒரு படம் எடுக்கத் தோன்றவில்லை. பழுதைக் கண்டால் சரிசெய்யத்தான் அவன் கைக்குத் தெரியும், சாட்சியாக வைத்திருக்கத் தெரியாது.

"சரி பண்ணிட்டேன்" என்றான். "பழசைக் கடைக்காரர் எடுத்துட்டுப் போயிட்டாரு."

அக்கா பக்கத்தில் வந்தாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் ஈரக் கையை அவன் தலையில் வைத்தாள். "சின்ன வயசுலேருந்து நீ இப்படித்தான்டா. யாருக்கு அடி விழுந்தாலும் குறுக்கே போய் நின்னு நான்தான்னு சொல்லுவே. நல்ல மனசு உனக்கு. ஆனா என் பிள்ளை விஷயத்துல வேண்டாம்டா. இவரைக் காப்பாத்த நீ பொய் சொல்லாதே" என்றாள். சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

"அத்தான், நீங்களாவது நம்புங்க."

அத்தான் இவன் கையிலிருந்த சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நம்பணும்னுதான் எனக்கும் ஆசை" என்றார். சாவியை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

இவன் பின்னாலேயே ஓடினான். "அத்தான், இப்ப பாத்தா ஒண்ணும் தெரியாது. புதுசு போட்டிருக்கேன். இப்ப பிடிக்கும். அன்னைக்கு இருந்தது வேற." அவர் காதில் அது ஏறவில்லை. குனிந்து கல்லை எடுத்து ஓரமாகப் போட்டார். உள்ளே உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினார். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். கைபிரேக்கை ஆறு க்ளிக் இழுத்தார், எட்டு வருடமாக இழுத்த அதே இழுப்பு. காலைப் பெடலிலிருந்து எடுத்தார். அதே கேட், அதே சரிவு. வண்டி நின்றது.

இறங்கினார். கேட்டுப் பக்கம் போகாமல் வண்டிக்குப் பின்னால் போனார். டிக்கியில் முதுகைச் சாய்த்து, எதிர்வீட்டு மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அத்தான், வாங்க இந்தப் பக்கம்" என்று இவன் கையைப் பிடித்து இழுத்தான். அந்த மெலிந்த ஆளை அசைக்க முடியவில்லை. ஒரு நிமிடம் ஆனது. இரண்டு நிமிடம் ஆனது. வண்டி ஒரு விரற்கடை நகரவில்லை. அது உருண்டுவிட வேண்டும், நகர்ந்து காட்டிவிட வேண்டும் என்று அந்த நேரத்தில் அவர் ஏங்கினார் என்பது இவனுக்கு அந்தக் கையைப் பிடித்திருந்ததில் தெரிந்தது. இவன் செய்த வேலை சுத்தமான வேலை. எத்தனை மணி நேரம் நின்றாலும் நகராது.

"அசையலை மச்சான்" என்றார் அத்தான் கடைசியில்.

"நான்தான் சரி பண்ணினேன்னு சொல்றேனே. என்னை நம்ப மாட்டீங்களா?"

"போட்டா நிக்குது. அன்னைக்கும் போட்டிருந்தா நின்னிருக்கும்." அவர் குரலில் இப்போது தடுமாற்றம் இல்லை. "போட்டேனா போடலையான்னு மூணு மாசமா மண்டையைக் குடைஞ்சுக்கிட்டிருந்துச்சு. இப்ப தெளிஞ்சிடுச்சு. நீ நல்லதுக்குத்தான் சொன்னே, தெரியும். இனிமே யாருகிட்டயும் சொல்லாதே."

இவன் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அத்தான் கேட்டைத் தாண்டி உள்ளே போவதும், காகிதங்கள் இருந்த மேசையைக் கடந்து சமையலறை வாசலில் போய் நிற்பதும் திறந்திருந்த கதவு வழியாகத் தெரிந்தது. உள்ளே குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"நான்தான் போடலை" என்றார் அத்தான்.

குழாய் நின்றது. மூன்று மாதத்துக்குப் பிறகு அக்கா அவருக்குப் பதில் சொன்னாள்.

"தெரியும்" என்றாள்.